தண்ணீரை எடை போட்ட கர்னல்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பென்னி குயிக் துரையின் படம் எங்காவது கண்ணில் படும். டீக்கடைச் சுவரில் தொங்கும். வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு.

முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டியவர் அவர். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் அந்த அணையை எதைக் கொண்டு கட்டினார்? கல் எவ்வளவு? மணல் எவ்வளவு? சுண்ணாம்பு எவ்வளவு? அந்தக் கணக்கில் ஒரு பிசகு நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது பலருக்குத் தெரியாது.

எட்டு வயது நிறையும் முன் தந்தையை இழந்தார்

ஜான் பென்னி குயிக் இங்கிலீஷ்காரர். ஆனால் பிறந்தது இந்தியாவில். 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, புனா நகரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பம். தந்தையின் பெயரும் ஜான் பென்னி குயிக்தான். அவர் இங்கிலீஷ் பட்டாளத்தில் பெரிய அதிகாரி.

1849-ம் ஆண்டு பஞ்சாபில் இங்கிலீஷாருக்கும் சீக்கியருக்கும் கடும் போர் நடந்தது. ஜனவரி 13-ந் தேதி சிலியன்வாலா என்ற இடத்தில் நடந்த சண்டையில் தந்தை மாண்டார். அதே களத்தில் அண்ணன் அலெக்சாண்டரும் மாண்டார். அண்ணனுக்கு வயது 17.

சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள் இருந்தது!

அந்தப் பிள்ளை பிறகு இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் பள்ளியில் படித்தார். அடிஸ்கோம் என்ற ஊரில் இருந்த ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 1858-ல் சென்னை ராஜதானியின் என்ஜினீயர் பட்டாளத்தில் லெப்டினெண்ட் வேலை கிடைத்தது. 1860-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். நடுவில் அபிசீனியப் படையெடுப்புக்கும் போய் வந்தார். மற்றபடி அவருடைய வேலை எல்லாம் தென்னாட்டில்தான்.

தந்தையும் அண்ணனும் கத்தியும் துப்பாக்கியும் பிடித்தார்கள். இவர் கையில் கிடைத்ததோ அளவுகோலும் கணக்குப் புத்தகமும்.

வீணாகப் போன ஆறு

பெரியாறு மேற்கு மலையில் பிறக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் விழுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் மதுரை, ராமநாதபுரம் சீமைகள் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தன. வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன? இது பென்னி குயிக்குக்கு முதலில் தோன்றிய யோசனை அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் மந்திரி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையைப் பார்த்து வரச் சொன்னார். முடியும் என்றுதான் தகவல் வந்தது. ஆனால் அவரிடம் பணம் இல்லை.

1808-ல் கால்டுவெல் என்ற கேப்டன் வந்து பார்த்தார். நடக்காத காரியம் என்று எழுதி விட்டார். 1850-ல் சிறிய அளவில் வேலை தொடங்கினார்கள். கூலியாட்களை ஜுரம் வாட்டியது. வேலை நின்றது. அதற்குப் பிறகும் இரண்டொரு என்ஜினீயர்கள் திட்டம் போட்டார்கள். அவர்கள் எல்லோரும் மண்ணால் அணை கட்டலாம் என்றே நினைத்தார்கள்.

1876-ல் தாது வருஷம் பிறந்தது. அதோடு பெரும் பஞ்சமும் வந்தது. சென்னை ராஜதானியில் லட்சக் கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். கிழவிகள் அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே மாண்டார்கள். அதன் பிறகுதான் சர்க்கார் கண் விழித்தது.

1882-ல் அந்த வேலை பென்னி குயிக்கிடம் வந்தது. பழைய திட்டங்களைப் பார்த்துப் புதிய திட்டம் போடச் சொன்னார்கள். அவர் மண் அணையை ஒதுக்கினார். காங்கிரீட் அணை கட்டலாம் என்றார்!

பீரோவும் அணையும்

அந்த நாளில் இந்தியாவில் காங்கிரீட்டில் அவ்வளவு உயரத்துக்கு அணை கட்டுவது துணிச்சலான பேச்சு.

அணை எப்படி நிற்கிறது? வீட்டில் உள்ள பீரோவை நினைத்துக் கொள்ளுங்கள். காலிப் பீரோவை ஒரு ஆள் தள்ளினால் நகரும். பாத்திரமும் துணியும் நிறைய அடுக்கி விட்டால் நான்கு பேர் தள்ளினாலும் அசையாது. அதைத் தரையில் ஆணி அடித்து வைக்கவில்லை. அதன் எடைதான் அதை நிறுத்தி வைக்கிறது.

பெரியாற்று அணையும் அப்படித்தான். தண்ணீர் அதைத் தள்ளுகிறது. அணை தன் எடையால் நிற்கிறது.

தண்ணீரின் பலம் எவ்வளவு? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியைக் கன அடி என்கிறோம். அதில் தண்ணீர் நிரப்பினால் 28 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அன்றைக்குக் கிலோ கிடையாது. பவுண்டுதான். கணக்கு ஒன்றுதான்.

150 அடி ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றால், அணையின் ஒவ்வோர் அடி நீளத்தையும் அது 300 டன்னுக்கு மேற்பட்ட பலத்தோடு தள்ளும். 10 டன் பாரம் ஏற்றிய லாரிகள் முப்பதை ஓர் அடி அகலத்தில் நிறுத்தித் தள்ளச் செய்தால் எப்படி இருக்கும்? அப்படி! அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. தண்ணீர் நிற்கும் வரை தள்ளிக் கொண்டே இருக்கும்.

இதை எதிர்த்து நிற்க அணைக்கு எடை வேண்டும். அந்த எடையைக் கொடுப்பது காங்கிரீட். காங்கிரீட்டுக்கு எடையைக் கொடுப்பது ஜல்லி.

ஆகவே என்ஜினீயருக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒரு கன அடிக் காங்கிரீட் எத்தனை கிலோ இருக்கும் என்பது ஒன்று. அப்படி இருக்க எத்தனை பங்கு ஜல்லி, எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு சுண்ணாம்பு போட வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கணக்கு தப்பினால் அணை நிற்காது. இரண்டாவது தப்பினால் முதல் கணக்கும் தானே தப்பி விடும்.

வாளிக்குள் ஒளிந்திருக்கும் இடம்

கருங்கல் பாறையில் ஒரு கன அடி வெட்டி எடுத்தால் ஏறக்குறைய 75 கிலோ இருக்கும். அதே கல்லை உடைத்து ஜல்லியாக்கி ஒரு கன அடிப் பெட்டியில் கொட்டினால் 43 கிலோ அளவுதான் வரும். மீதி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவே காற்று உட்கார்ந்து கொண்டிருக்கிறது.

அந்தக் காற்று எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். 10 லிட்டர் வாளி ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். ஜல்லியை நனைத்து, விளிம்பு வரை கொட்டுங்கள். பிறகு லிட்டர் படியால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 4 லிட்டருக்கு மேல் உள்ளே போகும். ஜல்லி நிறைந்து விட்டது என்று நினைத்த வாளியில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் வெறும் இடம்!

அந்த இடத்தை மணலால் நிரப்ப வேண்டும். மணலைக் கூர்ந்து பார்த்தால் அதன் நடுவிலும் இடம் உண்டு. அதைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். பெரிய கல் விட்ட இடத்தில் சின்ன மணல். மணல் விட்ட இடத்தில் சுண்ணாம்பு மாவு. இப்படி இண்டு இடுக்கு இல்லாமல் நிரம்பினால்தான் காங்கிரீட் கனக்கும். தண்ணீரும் உள்ளே புகாது.

பெரியாற்று அணையின் கலவை என்ஜினீயர் புத்தகங்களில் பதிவாகி இருக்கிறது. உடைத்த கல் 100 பங்கு. மணல் 30 பங்கு. நீரில் இறுகும் சுண்ணாம்பு 25 பங்கு.

இந்த மூன்றையும் கூட்டினால் 155 பங்கு. ஆனால் கலந்து, இடித்து, இறுகிய பிறகு கிடைக்கும் காங்கிரீட் ஏறக்குறைய 100 பங்குதான். மீதி 55 பங்கும் கல்லின் இடுக்குகளில் போய் அடங்கி விடும். முதல் முறை பார்ப்பவருக்குச் சரக்கு திருட்டுப் போனது போலத் தோன்றும்! திருட்டு ஒன்றும் இல்லை. மணலும் சுண்ணாம்பும் தண்ணீர் பட்டால் சுருங்கும். சுருங்கி நாற்பது, நாற்பத்தைந்து பங்கு சாந்து ஆகும். ஜல்லியின் நடுவே உள்ள வெறும் இடமும் அதே அளவுதான். என்ன பொருத்தம், பாருங்கள்!

இப்போது எடைக்கு வருவோம். ஒரு கன அடியில் ஜல்லி 43 கிலோ. இடுக்குகளை நிரப்பிய சாந்து 20 கிலோ அளவு. ஆக, இப்படிக் கலந்த காங்கிரீட் கன அடிக்கு 63 கிலோவை ஒட்டி வரும். தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அணை முழுவதற்கும் ஏறக்குறைய 50 லட்சம் கன அடிக் கட்டுமானம். இரண்டு முகமும் கருங்கல் கட்டு. நடு வயிறு காங்கிரீட். மேலே 12 அடி அகலம். அடியில் 100 அடிக்கும் மேல். ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம். நீளம் சுமார் 1,200 அடி.

மணலைக் குறைத்துப் போட்டார்கள், இடுக்குகள் நிரம்பவில்லை, கன அடிக்கு 5 கிலோ குறைந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். 5 கிலோ என்பது ஒரு சின்ன அரிசிப் பை. 50 லட்சம் கன அடிக்குக் கணக்குப் பாருங்கள். 25 ஆயிரம் டன்! அவ்வளவு எடை அணையில் இல்லாமல் போய் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே உயரம், அதே அகலம். தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். 1:2:4 என்று கொத்தனார் சொல்லுவார். சிமெண்டு ஒரு பெட்டி, மணல் இரண்டு பெட்டி, ஜல்லி நான்கு பெட்டி. ஏழு பெட்டி போட்டால் நாலரைப் பெட்டிக் காங்கிரீட்தான் கிடைக்கும். 100 கன அடித் தளத்துக்கு ஜல்லி 88 கன அடி, மணல் 44 கன அடி, சிமெண்டு 18 மூட்டை ஆகும். மணல் ஈரமாக இருந்தால் உப்பிக் கொள்ளும். பெட்டி நிறைந்தது போலக் காட்டும். உள்ளே மணல் குறைவாக இருக்கும். ஆகவே ஈர மணலானால் சற்றுக் கூட்டிப் போட வேண்டும். பெரியாற்று மலையில் வருஷத்தில் பாதி நாள் மழை. அங்கே காய்ந்த மணலுக்கு எங்கே போவது?

சிமெண்டு இல்லாத காலம்

சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு ஏன் என்று கேட்கலாம். அப்போது இந்த நாட்டில் சிமெண்டுத் தொழிற்சாலையே கிடையாது. சிமெண்டு செய்யும் முயற்சி சென்னையில் 1904-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் கப்பலில் வர வேண்டும். கப்பலில் வந்ததை ரயிலில் ஏற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, மலை மேல் கொண்டு போக வேண்டும். கட்டுப்படி ஆகுமா?

சுண்ணாம்பும் சுர்க்கியும் நம் நாட்டுக் கொத்தர்களுக்குப் பழகிய சரக்கு. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணை இடித்த தூள். சுண்ணாம்போடு சுர்க்கி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். சிமெண்டைப் போல் உடனே இறுகாது. மெல்ல மெல்ல, மாதக் கணக்கில் இறுகும்.

காங்கிரீட்டில் இன்னொரு லாபமும் உண்டு. அணை முழுவதையும் கல் கட்டாகக் கட்ட வேண்டுமானால் தேர்ந்த கொத்தர்கள் ஆயிரக் கணக்கில் வேண்டும். புலியும் யானையும் திரியும் காட்டுக்கு அவ்வளவு கொத்தர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஜல்லி உடைக்கவும், சட்டியில் சுமந்து கொட்டவும், திமிசு போட்டு இடிக்கவும் பலம் உள்ள ஆள் போதும்.

காட்டில் எட்டு வருஷம்

அணை கட்டும் இடம் திருவிதாங்கூர் மகாராஜாவின் நிலம். 1886 அக்டோபர் 29-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை. 999 வருஷக் குத்தகை. மறு வருஷம், 1887-ல் வேலை தொடங்கியது.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் அடர்ந்த காடு. ரோடு கிடையாது. ஊர் கிடையாது. அடிவாரத்திலிருந்து சாமான்களைத் தூக்க மலைச் சரிவில் கம்பிவடம் கட்டினார்கள். தொங்கிக் கொண்டே சாமான்கள் மேலே போயின. அங்கிருந்து ஆற்று வழியாகப் படகில் அணைக்குப் போயின.

சென்னைப் பட்டாளத்தின் பயனியர் படை வந்தது. கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். கீழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகக் கூலிக்காரர்கள் வந்தார்கள்.

முதல் எதிரி ஆறு. அஸ்திவாரம் போட வேண்டுமானால் ஆற்றை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அதற்காகத் தற்காலிகக் கரை போட்டார்கள். வெள்ளம் வந்து அடித்துக் கொண்டு போயிற்று. மறுபடி போட்டார்கள். மறுபடியும் போயிற்று. மாதக் கணக்கில் செய்த வேலை ஓர் இரவில் போய் விடும். மறுநாள் காலையில் கர்னல் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான். இத்தனை வண்டி சுண்ணாம்பு மீண்டும் வேண்டும், இத்தனை ஜல்லி மீண்டும் உடைக்க வேண்டும் என்று எழுத வேண்டியதுதான்.

இரண்டாவது எதிரி ஜுரம். கோடை மாதங்களில் மலை ஜுரம் வந்தால் ஆள் தப்புவது கஷ்டம். அந்த மாதங்களில் வேலையை நிறுத்தி எல்லோரையும் கீழே அனுப்பி விடுவார்கள். காட்டுக் காற்றிலிருந்து ஜுரம் வருகிறது என்றே அப்போது பெரிய டாக்டர்களில் பலரும் நம்பினார்கள். கொசுவில் அந்தக் கிருமி இருப்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல்! அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் நோயால் மட்டும் 400-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டு விட்டார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்தார்கள். ஒரு சில வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர் கல்லில் இருக்கிறது. ஜல்லி சுமந்த பெண்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சர்க்கார் பணம் தர மறுத்ததாகவும், துரை இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்ததாகவும் ஒரு கதை உண்டு. ஊர் ஊராகச் சொல்லப்படும் கதை அது. ஜனங்களின் நன்றி அப்படிப் பேச வைக்கிறது. அணை, சர்க்கார் வேலையாகத் தொடங்கி, சர்க்கார் பணத்தில் நடந்த வேலை. சொத்தை விற்காவிட்டாலும் அவர் பெருமை குறையாது. தம் வாழ்நாளில் நல்ல வருஷங்களை அந்தக் காட்டில் அவர் போட்டாரே, அது போதாதா?

அதே வருஷத்தில் உடைந்த அணை

அணை எழும்பியது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கமும் வெட்டினார்கள். தேங்கிய தண்ணீர் அந்தச் சுரங்கம் வழியாகக் கிழக்கே வர வேண்டும்.

1895-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி. பெரியாற்றில் வேலை முடிகிற நேரம். பிரான்சு தேசத்தில் பூஸே என்ற இடத்தில் ஒரு கல் அணை உடைந்தது. அதுவும் தன் எடையால் நிற்கும் அணைதான். கீழே இருந்த கிராமங்களில் 80-க்கு மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் செத்தார்கள். உலகத்து என்ஜினீயர்கள் எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

காரணத்தை ஆராய்ந்தார்கள். தண்ணீர் முன்னால் இருந்து தள்ளுவது மட்டும் அல்ல, அணையின் விரிசல்களில் புகுந்து மேலே தூக்கவும் செய்கிறது என்று தெரிந்தது. கிணற்றில் மூழ்கிய குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாகத் தெரிகிறது அல்லவா? அதே கதைதான். தண்ணீர் உள்ளே புகுந்தால் அணையின் எடையில் ஒரு பங்கு கழிந்து விடும். அதுவரை அணை கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தத் தூக்கு விசையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே 1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்து வைத்தார். தண்ணீர் சுரங்கத்துக்குள் நுழைந்தது. மலையின் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. வைரவனாற்றில் சேர்ந்தது. சுருளியாறு வழியாக வைகைக்கு வந்தது. மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பி விட்டது!

வறண்டு கிடந்த பூமியில் நெல் விளைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் எடுத்தார்கள். மதுரைக்கும் மேலூருக்கும் தண்ணீர் போயிற்று.

அணை உடையவில்லை. 1924-ல் பெரு வெள்ளம் வந்தது. கேரளத்துக் கிழவர்கள் தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம் என்று சொல்லுவது அதைத்தான். அப்போதும் அணை நின்றது.

எடை கூட்டினார்கள்

1979-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து ஆயிரக் கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு பெரியாற்று அணையைப் பற்றியும் கேரளத்தில் பயம் எழுந்தது. தண்ணீர் மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். தமிழ்நாட்டு மராமத்து இலாகா அணையைப் பலப்படுத்தியது.

எப்படிப் பலப்படுத்தினார்கள்? அணையின் தலை மேல் கனத்த காங்கிரீட் மூடி போட்டார்கள். மேலிருந்து பாறை வரை துளை போட்டு இரும்புக் கம்பி வடங்களை இறக்கி முறுக்கிக் கட்டினார்கள். பின்புறத்தில் புதுக் காங்கிரீட்டைச் சேர்த்துக் கட்டினார்கள். சுருக்கமாகச் சொன்னால், அணையின் எடையைக் கூட்டினார்கள். பென்னி குயிக் காலத்தில் கணக்கில் சேராத தூக்கு விசையையும் இப்போது சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பீரோவில் இன்னும் சில பாத்திரங்களை அடுக்கியது போல!

அணையின் பலம் பற்றி இரண்டு மாநிலங்களும் கோர்ட்டுக்குப் போயின. 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் பழைய அணை எத்தனை பலம் என்பது பற்றியும் பேச்சு நடந்தது.

கடைசி நாட்கள்

பென்னி குயிக் 1896-ல் ஓய்வு பெற்றுத் தாய்நாட்டுக்குத் திரும்பினார். இந்தியாவுக்கு என்ஜினீயர்களைத் தயார் செய்யும் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். பெரியாற்றைத் திருப்பிய விவரத்தை என்ஜினீயர் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து வெள்ளத்தைத் தடுக்க யோசனை கேட்டு அவரை அழைத்தார்கள். போய்ப் பார்த்துச் சொல்லி விட்டு வந்தார்.

அவர் மனைவி பெயர் கிரேஸ். ஐந்து பெண்கள். ஒரே பையன். அந்தப் பையன் பின்னால் இங்கிலாந்தில் ஹைக்கோர்ட்டு நீதிபதி ஆனார்.

1911 மார்ச் 9-ந் தேதி கேம்பர்லி என்ற ஊரில் பென்னி குயிக் காலமானார். வயது 70. பக்கத்தில் உள்ள பிரிம்லி மாதா கோயில் தோட்டத்தில், பீட்டர் பெயரால் அமைந்த ஆலயத்தில், அவரை அடக்கம் செய்தார்கள்.

சிகாகோவில் டப் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்கர் ஆயிரக் கணக்கில் காங்கிரீட்டுத் துண்டுகளை உடைத்துப் பார்த்துத் தண்ணீர் கூடினால் காங்கிரீட்டின் பலம் குறையும் என்ற விதியை வெளியிட்டது 1918-ல். அப்போது பென்னி குயிக் இறந்து ஏழு வருஷம் ஆகி இருந்தது. பெரியாற்று அணையில் தண்ணீர் நிற்கத் தொடங்கி 23 வருஷம்.

2013-ல் கம்பத்துக்கு அருகே லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு அவருக்கு மணி மண்டபம் கட்டித் திறந்தது. அவர் பிறந்த ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வருகிறது. அன்று பள்ளத்தாக்குக் கிராமங்களிலிருந்து பெண்கள் பானையும் பச்சரிசியும் கொண்டு வந்து, அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள்.